எதுவரை போகிறது? பழைய டெஸ்க்டாப் ஒன்றை எழுப்பிய அனுபவம்

சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்று யாராவது சொன்னால், "எதுவரை போகிறது?" என்று திருப்பிக் கேட்பது என் பழக்கம். சொன்னவருக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். ஆனால் பட்டனை அழுத்தியும் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பது ஒரு கோளாறு. ஃபேன் லேசாக அசைந்து நின்றுவிடுவது வேறு கோளாறு. ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றியும் திரை இருட்டாகவே இருப்பது இன்னொன்று. வெள்ளை எழுத்துகள் வந்து அங்கேயே உறைந்து நிற்பதும், விண்டோஸ் சின்னம் வரை வந்து நீலத்திரை அடிப்பதும் இவற்றோடு சம்பந்தமே இல்லாதவை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டியவை ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். தெரியாமல் கைவைத்தால் நல்ல ரேமை மாற்றி, நல்ல ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் அடித்து, கடைசியில் மதர்போர்டு போய்விட்டது என்று தீர்ப்பெழுதி மூலையில் வைத்துவிடுவோம்.

என்னிடம் இருக்கும் பழைய கணினி இந்தக் கட்டங்களை ஏறக்குறைய வரிசையாகவே எனக்குக் காட்டியது. கோர் 2 டுவோ பிராசஸர், டிடிஆர்2 ரேம் இரண்டு, விண்டோஸ் 7. இந்தக் காலத்துக்கு அது ஒன்றுமில்லைதான். ஆனாலும் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு ஸ்கேனர். அதன் டிரைவர் புதிய விண்டோஸில் ஏறாது, ஃபிலிம் நெகட்டிவ்களை அதைப்போலப் படியெடுக்கும் இன்னொன்று என்னிடம் இல்லை. பல மாதங்கள் மின் இணைப்பே இல்லாமல் கிடந்த கணினியை மறுபடி ஒரு வேலைக்காக எடுத்து இணைத்து பட்டனை அழுத்தினேன். பிராசஸர் மேலிருக்கும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை.

மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் வெளியே இருப்பதைப் பார்த்துவிட வேண்டும். இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வேறு பிளக் பாயின்ட், வேறு பவர் கார்டு (பெரும்பாலான மானிட்டர்களின் கார்டே கேபினெட்டுக்கும் பொருந்தும்), எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச், அவ்வளவுதான். சில பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறத் தள்ளுசுவிட்ச் ஒன்று இருக்கும். அது உங்கள் ஊர் மின்னழுத்தத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 230 வரும் இடத்தில் அதை 115 பக்கம் தள்ளி ஆன் செய்தால் வெடிச்சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

அரைச் சுற்று என்பது ஒரு முக்கியமான தகவல். அதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மிகப் பழைய கணினிகளில் பவர் சுவிட்ச் நேரடியாக மின்சாரத்தையே துண்டிக்கும், இணைக்கும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் முன்பக்க பட்டன் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. 'ஆரம்பிக்கலாமா?' என்று மதர்போர்டிடம் கேட்பதோடு அதன் வேலை முடிந்தது. மதர்போர்டு அதைக் கேட்பதற்கே அதற்கு உயிர் வேண்டுமல்லவா? அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு சிறிய சர்க்யூட், வீடே தூங்கும்போது விழித்திருக்கும் காவலாளி மாதிரி, எந்நேரமும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஊதா நிற வயர் அதுதான். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை வயரைத் தரையோடு, அதாவது கறுப்பு வயரோடு, சேர்க்கும். உடனே மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்று முழு சப்ளையும் எழும். எல்லாம் நிலைபெற்றதும் சாம்பல் நிற வயரில் 'தயார்' என்று ஒரு சைகை போகும். இதற்கு ஆகும் நேரம் அரை நொடிக்குள். அந்தச் சைகை வரும்வரை பிராசஸர் கட்டிப்போட்ட நிலையிலேயே இருக்கும்.

ஆக, ஃபேன் அரைச் சுற்று சுற்றியது என்றால் பட்டன் வேலை செய்கிறது, மதர்போர்டு கேட்டுக்கொண்டது, எஸ்எம்பிஎஸ் கிளம்பவும் கிளம்பியது. கிளம்பியபின் ஏதோ பிடிக்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. ஒன்று, எங்கோ ஷார்ட், அதாவது மின்சாரம் குறுக்குவழியில் தரைக்குப் பாயும் இடம், இருக்கிறது. இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கே தெம்பில்லை. ஒரு அசைவும் இல்லாமல் கிடந்திருந்தால் நான் தேடியிருக்கும் இடம் வேறு. அப்போது முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டில் சின்ன விளக்கு ஏதாவது எரிகிறதா என்பதை. பல போர்டுகளில் அந்தக் காவல் 5 வோல்ட் வருவதைக் காட்ட ஒரு எல்இடி இருக்கும்.

ஷார்ட்டைத் தேட ஒரே வழி, ஒவ்வொன்றாகக் கழற்றுவது. பவர் கார்டை உருவிவிட்டு, பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். முதலில் கழற்றியது ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும். எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் இருக்கும்வரை டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். மற்ற எது போனாலும் வேறு வாங்கலாம், அதற்குள் இருப்பதை வாங்க முடியாது. அதன்பின் டிவிடி டிரைவ், தனியாகப் போட்டிருந்த கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யுஎஸ்பி, முன்பக்க ஆடியோ.

முன்பக்க யுஎஸ்பியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தெரிந்தவர் ஒருவரின் கணினியில் அதுதான் குற்றவாளி. பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்ததில் உள்ளே இருந்த நாக்கு மடங்கி, 5 வோல்ட் பின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மதர்போர்டிலிருந்து அந்த ஒரு கேபிளை உருவியதும் கணினி ஒன்றுமே நடக்காததுபோல எழுந்தது. பட்டனும் அப்படித்தான். பிளாஸ்டிக் தேய்ந்து உள்ளேயே சிக்கிக்கொண்டால், ஆன் ஆன கணினி சரியாக 4 நொடியில் அணைந்துவிடும். நாம் அழுத்திப் பிடித்து அணைக்கிறோம் என்று மதர்போர்டு நினைத்துக்கொள்ளும். இதை எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று எண்ணி எத்தனை பேர் புதிதாக வாங்கியிருப்பார்களோ! பட்டனின் வயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும், பட்டன் இல்லாமலே கணினி கிளம்பும். என்னுடையதில் அப்படிச் செய்தும் அதே அரைச் சுற்று.

போர்டைக் கண்ணாலும் ஒருமுறை பார்த்தேன். 1999 முதல் 2007 வாக்கில் தயாரான ஏராளமான போர்டுகளில் உள்ளே தரமற்ற எலக்ட்ரோலைட் திரவம் ஊற்றிய கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகள்) இருந்தன. அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பாகக் கசிந்திருந்தாலோ கோளாறு அங்கேதான். என் போர்டில் எல்லாம் தட்டையாகவே இருந்தன. போர்டுக்கும் கேபினெட் தகட்டுக்கும் இடையில் உதிர்ந்த திருகு ஏதும் இல்லை. ஆக மிஞ்சியது எஸ்எம்பிஎஸ்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஊதாவிலும் கறுப்பிலும் வைத்தேன். 4.2 வோல்ட். அது 4.75-க்குக் கீழே இறங்கவே கூடாது. பேப்பர் கிளிப்பை வளைத்துப் பச்சையையும் கறுப்பையும் இணைத்தபோது எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த ஃபேனே ஒரு துடிப்பு துடித்து அடங்கியது. எதுவும் இணைக்காத நிலையிலேயே இப்படி என்றால் தீர்ப்பு தெளிவு. (கிளிப் போட்டு ஃபேன் நன்றாகச் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சுமையே இல்லாமல் ஓடுவது எதற்கும் எளிது. முழு நிச்சயம் வேண்டுமானால் நல்ல நிலையில் ஓடும் இன்னொரு கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே வழி.)

வேடிக்கை என்னவென்றால், அதைப் பிளக்கில் சொருகியபடியே அரை மணி நேரம் விட்டுவைத்த பிறகு ஊதா வயரில் அளவு ஏறியிருந்தது, கணினியும் ஒருமுறை கிளம்பிப் பார்த்தது. இது தற்செயல் இல்லை. காவல் சர்க்யூட்டில் இருக்கும் சிறிய கெப்பாசிட்டர்கள் நாம் கணினியை அணைத்த பிறகும் வேலை செய்துகொண்டே இருப்பவை, வருடக்கணக்கில் சூட்டில் இருந்து உலர்ந்துபோனவை. உலர்ந்த கெப்பாசிட்டர் சூடானால் கொஞ்சம் தேறும், ஆறினால் மறுபடி படுக்கும். பிளக்கிலேயே இருந்தவரை ஓடிக்கொண்டிருந்த கணினி, சுத்தம் செய்வதற்காக ஒருநாள் கழற்றி மாட்டியதும் செத்துப்போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். 'காலையில் நாலைந்து முறை அழுத்தினால்தான் கிளம்பும்' என்ற நிலையில் ஓடும் கணினி வைத்திருப்பவர்கள் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு முக்கியமானவற்றை இன்றே படியெடுத்துவிடுவது நல்லது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றும் ஆசை வேண்டாம். 230 வோல்ட் வரும் இடத்தில் அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கை உருவியபின்னும் சிறிது நேரம் நிற்கும். தொழில் தெரிந்தவர்கள் செய்யட்டும். மாற்றாக வாங்கும்போது பெட்டிமேல் அச்சிட்ட மொத்த வாட்டைவிட, 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று பக்கவாட்டு ஸ்டிக்கரில் பாருங்கள். பெரிய எண்ணைப் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் கஞ்சத்தனம் செய்பவை உண்டு. இன்னொன்று, பெயர்பெற்ற நிறுவனங்கள் விற்ற சில ரெடிமேட் கணினிகளில் கனெக்டரின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் வயர்களின் வரிசை மாறியிருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நிறங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே சொருக வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் மாற்றியதும் ஃபேன் நிற்காமல் சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. பலர் இந்த இடத்தில் மனம் விட்டுவிடுவார்கள், எனக்கோ அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டது தெரிந்தது. ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வராதபோது நான் முதலில் பார்ப்பது பிராசஸர் பக்கத்தில் தனியாகச் சொருகும் 4 பின் 12 வோல்ட் கனெக்டரை. பென்டியம் 4 காலத்திலிருந்து பிராசஸருக்கு மின்சாரம் அந்த வழியாகத்தான். அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஓடும், பிராசஸர் மட்டும் எழாது. அதுவும் ஒழுங்காக இருந்தது. மானிட்டர் கேபிளையும் போர்டிலேயே இருக்கும் டிஸ்ப்ளே சாக்கெட்டுக்கு மாற்றியாகிவிட்டது.

இனி கணினியைப் பேசவைக்க வேண்டும். மதர்போர்டின் முன்பக்க வயர்கள் சேரும் மூலையில் ஸ்பீக்கருக்கென்று 4 பின் இடம் இருக்கும். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு பஸ்ஸரை அங்கே சொருகினால் போதும். பழைய டெஸ்க்டாப்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் வேறு எந்தக் கருவியும் வாங்காவிட்டாலும் இதை வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். சொருகி ஆன் செய்ததும் நீளமான பீப், இடைவெளி, மறுபடி நீளமான பீப். அவார்டு நிறுவனத்தின் பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) உள்ள போர்டுகளில் இது ரேம் புகார். ஒரு நீளம், இரண்டு குட்டை வந்தால் கிராபிக்ஸ் பக்கம். பயாஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தக் கணக்கு மாறும், ஆகவே உங்கள் போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

பீப்பே வராமல் மௌனமாக இருந்தால் ஒரு தந்திரம் உண்டு. ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்வது. அப்போது 'ரேம் எங்கே?' என்று அலறினால் பிராசஸர், போர்டு, பயாஸ் சிப் மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அந்த அலறல் காதுக்கு இனிமையாகவே இருக்கும். ரேம் இல்லாமலும் மௌனம் என்றால்தான் போர்டைப் பற்றிக் கவலைப்படத் தொடங்க வேண்டும். பிராசஸர் தானாகச் செத்துப்போவது அபூர்வம். நான் பார்த்த பழைய கணினிகளில் குற்றம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலோ, தொடுமுனைகளிலோதான் இருந்திருக்கிறது.

என் கணினியில் ரேம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே நீளமான பீப்தான். அப்படியென்றால் சொருகியிருக்கும் ரேமே போர்டின் கண்ணுக்குத் தெரியவில்லை. பல மாதம் ஈரப்பதத்தில் கிடந்ததில் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிந்திருந்தது. பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் அந்தத் தங்க நிறக் கோடுகளை மென்மையாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை ஒற்றியெடுத்தேன். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், அது முலாமையே சுரண்டிவிடும். ஸ்லாட்டைக் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும், இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். ஒரு குட்டை பீப். திரையில் எழுத்து!

இரண்டாவது ரேமும் அதேபோல ஏற்றது. ஆனால் கிளம்பிவிட்டது என்பதாலேயே ரேம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கணினியைக் கிளப்பி, அதாவது பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். தனித்தனியாக ஓட்டியபோது ஒன்று சுத்தம், மற்றது குப்பை. குப்பையை அப்படியே விட்டிருந்தால் கணினி ஓடத்தான் செய்திருக்கும். ஆனால் ஸ்கேன் செய்த படங்கள் அங்கங்கே கெட்டுப்போய், காரணம் புரியாமல் ஸ்கேனரைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

எழுத்து வந்தது என்றேனே, அதுவும் ஒரு புகார்தான். சிமாஸ் செக்சம் பிழை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று நின்றது. பயாஸ் சேமித்துவைத்த செட்டிங்குகள் கலைந்துவிட்டன என்பது அதன் பொருள். அவற்றைக் காப்பாற்றி வைக்கும், போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. புதியதில் 3 வோல்ட்டும் அதற்குச் சற்று மேலும் இருக்கும், இதில் 2 வோல்ட்டுக்கும் கீழே. மாற்றுவது சுலபம். மாற்றியபின் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யாமல் விட்டால் பிரவுசர் எந்தப் பாதுகாப்பான தளத்தையும் திறக்க மறுக்கும். சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும்.

இப்போது ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் நேரம். விண்டோஸுக்குப் போகாமல் முதலில் பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை பூட் செய்தேன். டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவில் (தன் உடல்நிலையை டிஸ்க் தானே குறித்துவைக்கும் கணக்கு) 05, சி5 என்ற இரண்டு வரிசைகளும் பூஜ்யமாக இருந்ததால் தைரியம் வந்தது. முதலாவது, கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள். இரண்டாவது, படிக்க முடியாமல் தடுமாறி நிலுவையில் இருப்பவை. இந்த எண்கள் ஏறியிருந்தாலோ, டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டாலோ, திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். லினக்ஸிலிருந்தே எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் படியெடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு விண்டோஸ். சின்னம் வந்தது, நீலம் ஒரு மின்னல் மின்னியது, கணினி தானாக மறுபடி ஆரம்பித்தது. இதே சுழற்சி. நீலத்திரை படிக்கும் முன்பே மறைந்துவிடுவதால்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். விண்டோஸ் 7-இல் தொடக்கத்தில் எஃப்8 தட்டினால் வரும் பட்டியலில், பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் திரை நின்றது. 7பி என்று முடியும் பிழை எண். பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் அணுக முடியவில்லை என்பது அதன் பொருள்.

டிஸ்க்கோ சற்றுமுன்தான் லினக்ஸில் அழகாகத் திறந்தது. அப்படியானால் வழி மாறியிருக்கிறது. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் செட்டிங் எல்லாவற்றையும் மறந்து ஆலை நிலைக்குப் போய்விடும். இந்தப் போர்டின் ஆலை நிலையில் சாட்டா கேபிளில் இணையும் டிஸ்க்குகள் ஐடிஇ என்ற பழைய முறையில் ஓடும். என் விண்டோஸ் நிறுவப்பட்டது ஏஹெச்சிஐ என்ற புதிய முறையில். விண்டோஸ் 7, தான் பயன்படுத்தாத டிஸ்க் டிரைவர்களைத் தொடக்கத்தில் ஏற்றாது. ஆகவே முறை மாறினால் தன் வீட்டுக் கதவே அதற்குத் தெரியாது. பயாஸில் அந்த ஒரு வரியை ஏஹெச்சிஐ என்று மாற்றிச் சேமித்தேன். விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோல உள்ளே போனது. பேட்டரி மாற்றிய பிறகு இதே 7பி வந்து, 'விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது' என்று ஃபார்மேட் செய்யப்பட்ட டிஸ்க்குகள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். கணினி நன்றாக ஓடும்போதே பயாஸின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் துப்பறியும் வேலையே தேவைப்படாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை பாக்கியிருந்தது. அரை மணி ஓடியதும் பிராசஸர் ஃபேன் விமானம்போல இரைந்தது. பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கைக் கழற்றினால், இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துவிட்டு, அரிசி அளவு புதிய பேஸ்ட் வைத்தேன். இந்த வகை போர்டுகளில் ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் நாலு பிளாஸ்டிக் ஆணிகளில் ஒன்று முழுசாக இறங்காமல் இருந்தாலும் சூடு ஏறும். போர்டின் பின்புறம் நான்கின் முனையும் வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கிளம்பிய சில நொடிகளில் தானாக அணைந்துவிடும் கணினிகளில் இந்த ஆணியும் ஒரு சந்தேகப் புள்ளி.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்திவிட்டதால் இந்தக் கணினிக்கு இணைய கேபிளைக் கழற்றிவிட்டேன். ஸ்கேன் செய்வதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறேன். கேபினெட் மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, சாட்டா முறை ஏஹெச்சிஐ, பேட்டரி மாற்றிய மாதம், எந்த ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறேன். அடுத்தமுறை திறப்பது நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.